சக்கரம் ஓய்வில் இருக்கிறது

"தள்ளு! தள்ளிக் காட்டு! நீ தள்ளு, நான் பார்க்குறேன்!"

"நீ யாருடி என்னைத் தள்ளச் சொல்றதுக்கு?"

"நானா சொன்னேன்? அந்த டேப்பு சொல்லிட்டுப் போயிருக்கு. பத்தடி போகணுமாம், பத்தடி திரும்பி வரணுமாம். இது பத்து நூலாவது நகருமா? சொல்லு அண்ணி, நகருமா?"

"கத்தாத. சாக்கடையில இருக்கிற எலி கூட எட்டிப் பார்க்குது."

"எலி மட்டுமா பார்க்குது? மேல பாரு."

மேலே என்று அவள் சொன்னது என்னைத்தான். நான் எட்டிப் பார்க்கிற ரகம் கிடையாது. சட்டைக் கம்பெனிக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுத்துக் கொடுப்பது என் தொழில். அதற்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. இதில் என் குற்றம் எது என்று யாராவது சொன்னால் திருத்திக்கொள்கிறேன். இருந்தாலும் மரியாதைக்காகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். காது வெளியில்தான் இருந்தது.

கீழே நின்றவர்கள் முட்டையக்காவும் அவளுடைய நாத்தனாரும். அக்கா எங்கள் தெரு அச்சகத்தின் சுவர் ஓரமாக ஆம்லெட் வண்டி வைத்திருக்கிறாள். வயது நாற்பதுக்கு மேல். எவ்வளவு மேல் என்று கேட்டால் கரண்டியைத் தூக்குவாள். நாத்தனார் அவளைவிட ஐந்தாறு வயது சின்னவள். மூன்று சக்கர சைக்கிளில் அடுப்பும் கெட்டிலும் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் டீ விற்கிறாள். அண்ணி ஒரே இடத்தில் நிற்பாள், நாத்தனார் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். இரண்டு பேரும் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் இருக்கிறார்கள்.

நாத்தனார் இருக்கிறாளே, அப்படியென்றால் அவளுடைய அண்ணன் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த மனிதர் பத்து வருஷத்துக்கு முன்னால் அடுப்புக்கு ரெகுலேட்டர் வாங்கி வருகிறேன் என்று போனவர். பிறகு வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டார் என்று அச்சகக்காரர் வந்து சொன்னபோது அக்கா ஆம்லெட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "ரெகுலேட்டர் கிடைச்சுதாமா?" என்று மட்டும் கேட்டாள். நாத்தனார் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதி உறவை முடித்துவிட்டு அண்ணியோடு இருந்துவிட்டாள். அண்ணனை விவாகரத்து செய்துவிட்டு அண்ணியை வைத்துக்கொண்ட ஒரே தங்கை எனக்குத் தெரிந்து இவள்தான்.

சாதாரண நாளில் நாத்தனார் அண்ணியை "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவாள். "நீ" வந்துவிட்டால் சண்டை என்று அர்த்தம். அன்றைக்குக் காலையில் முதல் வார்த்தையே "நீ".

சண்டைக்குக் காரணம் அந்த வண்டி. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்க வைத்துத் தள்ளுவார்களே, அந்த ட்ராலிதான் அதன் உடம்பு. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை எங்கள் வெல்டர் கண்டுபிடித்து வந்து கட்டிக் கொடுத்தார். தோசைக்கல் மாதிரி இருப்பது எண்ணெய் டிரம்மின் மூடி. பக்கவாட்டில் ஒரு ஃபிரிட்ஜ் கதவைத் திருகி வைத்திருக்கிறார். முட்டை வைக்கக் குழி குழியாக இருக்குமே, அதற்காக. கை கழுவுவதற்குக் காரின் முன்கண்ணாடியில் தண்ணீர் பீச்சும் தொட்டி. காலால் மிதித்தால் குழாயிலிருந்து கோடாக வரும், புதிதாக வருகிறவர்கள் சட்டையில் வாங்கிக்கொள்வார்கள். காற்று அடுப்பை அணைக்காமல் இருக்க மூன்று பக்கமும் தகரம். அதில் ஒன்று பழைய போக்குவரத்துப் பலகை. "இங்கே நிற்காதீர்" என்று அதில் எழுதியிருக்கும். பதினைந்து பேர் அதன் எதிரில் நின்றுதான் சாப்பிடுவார்கள். ஆம்லெட் தயாரானால் சைக்கிள் மணி அடிக்கும்.

எல்லாம் சரி. சக்கரம்தான் சிக்கல். ஆஸ்பத்திரி ட்ராலிக்குச் சக்கரம் உள்ளங்கை அளவுதான் இருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்குத் தார் போட வந்தார்கள். நான்கு விரல் கனத்துக்குப் போட்டார்கள். அக்காவின் நான்கு சக்கரமும் உள்ளே போய்விட்டது. மதிய நேரம், கல்லில் நாலு ஆம்லெட் கிடந்தது, அதைப் போட்டுவிட்டு நகர முடியவில்லை, கண் தெரியாத பசங்கள் சுற்றிலும் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள் என்று அக்கா ஒரு வருஷம் முழுக்கத் திட்டினாள். இந்தக் கதையை நானே குறைந்தது நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதிலிருந்து வண்டி நட்ட செடி மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. யாருக்கும் தொந்தரவில்லை. தபால்காரர் கூட அக்காவுக்கு வரும் கடிதத்தை வண்டியில்தான் கொடுப்பார்.

அன்று காலை வந்தவர் நடைபாதைக் கடைகளை மேற்பார்வை பார்க்கும் புது அதிகாரி. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் தெருக்காரர்கள் அவருக்கு டேப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம்தான் நமக்குப் பயம். அவர்கள் படித்துப் பார்த்துவிடுகிறார்கள். அக்காவின் அனுமதிச் சீட்டைப் படித்தார். வண்டியை ஒரு விரலால் தள்ளினார். பிறகு கையால். பிறகு டேப்பைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பால் தள்ளினார். குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வண்டி சார்."

"வண்டின்னா நகரணும். இது நகரலையே. நகராததுக்குப் பேரு கட்டடம். கட்டடத்துக்கு அனுமதி குடுக்கிறது வேற பிரிவு. நம்ம பிரிவுல கட்டடத்தைப் பார்த்தா இடிக்கத்தான் முடியும்."

"சார், உட்காருங்க, ஒரு சிங்கிள் போடறேன்."

"எனக்கு முட்டை ஆகாது. ஒரு வாரம் தர்றேன். அடுத்த திங்கட்கிழமை வருவேன். பத்தடி போய் பத்தடி வரணும். வந்தா கையெழுத்து. வரலைன்னா சீட்டைக் குடுத்துடுங்க, வேற ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு."

முட்டை ஆகாதாம். அக்காவின் கையில் இருந்த ஒரே ஆயுதமும் அதோடு போயிற்று. அவர் தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்ததுதான் மேலே நீங்கள் கேட்ட சண்டை.

சீட்டுப் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அந்தச் சுவர் ஓரத்தை விட்டுப் போக வேண்டும். வேறு சீட்டுக்கு வரிசையில் நின்றால் அவளுடைய முறை வருவதற்குள் நான் கண்ணாடி மாற்றி, இன்னொரு கண்ணாடியும் மாற்றியிருப்பேன்.

மறுநாள் வெல்டர் வந்தார். அவர் பட்டறை இரண்டு தெரு தள்ளி. மனைவி இறந்து ஏழெட்டு வருஷமாகிறது. தினமும் மத்தியானம் வருவார். ஒரு ஆம்லெட், உப்பு கம்மி என்று ஒரு புகார். இரண்டு டீ, அதில் புகார் கிடையாது. வாரம் ஒரு தடவை நாத்தனாரின் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பார். வரும் வழியில் யோசித்தபடி வருவதால் ஒரு தடவை என் மேல் மோதியிருக்கிறார். அவருக்கும் அக்காவுக்கும்தான் என்று நான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பு கம்மி என்று ஒருவர் மூன்று வருஷம் தினமும் வந்து சொல்வாரென்றால் அது உப்பைப் பற்றியது இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

அவர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து தாரைக் கொத்திப் பார்த்தார். ஒரு சக்கரத்தின் பக்கம் ஒரு கையளவு தோண்டியதும் எழுந்துவிட்டார்.

"சக்கரம் இல்லக்கா."

"இல்லன்னா? எங்க போச்சு?"

"துருவாப் போச்சு. உள்ள வெறும் குழிதான் இருக்கு, சக்கரம் மாதிரி. எடுத்தாலும் உருளாது. காலை அறுத்துட்டுப் புதுச் சக்கரம் வச்சுடலாம். அரை நாள் வேலை."

"வேண்டாம்."

"ஏங்க்கா?"

"உயரம் மாறிடும். என் முழங்கைக்குச் சரியா இருக்கு. வேண்டாம்."

"உயரத்தை நான் பார்த்துக்கறேன்."

"வேண்டாம்னா விடுங்களேன். சொன்னாப் புரியாதா?"

உயரமாம். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டோம். சீட்டே போகப்போகிறது, இவள் முழங்கையைப் பற்றிப் பேசுகிறாள். அடுத்த இரண்டு நாளும் அதே கதை. அச்சகக்காரர் ஜாக்கி கொண்டு வருகிறேன் என்றார், வேண்டாம். சவரக்கடைக்காரர் தன் மைத்துனனிடம் தார் உருக்கும் இயந்திரம் இருக்கிறது என்றார், வேண்டாம். அக்கா தலை குனிந்து முட்டை அடித்துக்கொண்டே இருந்தாள். அடிக்கிற சத்தத்தில்தான் கோபம் தெரிந்தது. நாத்தனார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டு, பேச வேண்டியதையெல்லாம் கெட்டிலிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெட்டில் போதவில்லை.

"திங்கட்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு," என்று ஆரம்பித்தாள். "வர்றவங்க போறவங்க எல்லாரும் உதவி பண்றோம்ங்கறாங்க. நீ வேண்டாம் வேண்டாம்ங்கற. முழங்கையாம் முழங்கை! எனக்குத் தெரியாதா எதுக்குன்னு? இவங்களுக்கெல்லாம் சொல்லட்டுமா?"

"வாயை மூடு."

"ரோடு போட்டவங்களுக்குக் கண்ணு தெரியலையா? மூணு தடவை கேட்டாங்க, 'அக்கா நகர்த்திக்கங்க, அக்கா நகர்த்திக்கங்க'ன்னு. நீதான் ஆளுக்கொரு டபுள் போட்டுக் குடுத்துட்டு 'சுத்தி நல்லா கெட்டியா ஊத்துங்க தம்பி'ன்னு சொன்ன. நான் பக்கத்துலதான் கிளாஸ் கழுவிக்கிட்டிருந்தேன். எட்டு வருஷமா வாயைத் திறந்தேனா?"

என் விரலில் ஊசி ஏறிவிட்டது. வலிக்கவில்லை, அவமானம்தான் வலித்தது. எட்டு வருஷம்! என் ஜன்னலுக்கு நேர் கீழே! தார் போட்ட அந்த ஒரு மத்தியானம் நான் கம்பெனிக்குச் சட்டை கொடுக்கப் போயிருந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு மத்தியானம் தலை திருப்பினேன், அதற்குள் இப்படி.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். வெல்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

நாத்தனாரின் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியும் அண்ணி. அண்ணன் திரும்பி வந்தா இடம் மாறாம இருக்கணும், கண்டுபிடிக்கணும்னுதானே? அந்த ஆளுக்காகவா இந்தச் சீட்டை விடப் போற?"

அக்கா அடுப்பைக் குறைத்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

"உங்க அண்ணனுக்கா? அவர் வந்தா எப்படி ஒளியறதுன்னு யோசிக்கணும். அவருக்கு இல்லடி."

"பின்ன யாருக்கு?"

கொஞ்ச நேரம் கரண்டியால் கல்லைச் சுரண்டினாள். பேசியபோது யாரையும் பார்க்கவில்லை.

"அதுக்கு முன்னாடி ராத்திரி பட்டறையில விட்ட வண்டியை தினம் ரெண்டு தெரு தள்ளிட்டு வருவேன், ஞாபகம் இருக்கா? வந்தா இங்க ஒருத்தர் செருப்பு விரிச்சிருப்பாரு. இல்லன்னா ஒரு கார் நிக்கும். 'அண்ணே, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க.' 'சார், கொஞ்சம் எடுத்துக்கங்க.' நேத்து நின்ன இடத்தை இன்னைக்குக் கேட்டு வாங்கணும். நாளைக்கும் கேட்டு வாங்கணும். உங்க அண்ணன் போன மறுநாள் அழுதுக்கிட்டேதான் தள்ளிட்டு வந்தேன். அன்னைக்கும் ஒரு கார் நின்னுது. மூக்கைத் துடைச்சுக்கிட்டு 'சார், கொஞ்சம் எடுத்துக்கங்க'ன்னேன். எல்லாத்துக்கும் நான்தான் போய்க் காத்துக்கிட்டு நிக்கிறேன். எனக்காக ஒரு எடமாவது காத்துக்கிட்டு இருக்கக் கூடாதான்னு தோணிச்சு. ரோடு போட வந்தாங்க, சொல்லிட்டேன். இப்பக் காலையில எழுந்தா நான் அவசரப்படறதில்ல. பல் தேய்க்கறப்போ கூடத் தெரியும், அது அங்கதான் நிக்குதுன்னு."

சைக்கிள் மணியைத் துணியால் துடைத்தாள். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

நான் உள்ளே திரும்பி என் நாற்காலியைப் பார்த்தேன். இருபது வருஷமாக அதே ஜன்னல் ஓரம், அதே பள்ளம். நான் கடைக்குப் போய்விட்டு வந்தால் அங்கேயே இருக்கும். யாரையும் எழுப்பிவிட்டு உட்கார வேண்டியதில்லை. அது பெரிய விஷயம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றாததுதான் அதன் சுகம் போலிருக்கிறது.

நாத்தனார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவள் திரும்பியபோது நான் மாடிப்படியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். படி திரும்பும் இடத்துக்கு நேர் கீழே அவர்கள் அறையின் ஜன்னல். கட்டடம் கட்டியவர் வைத்த இடம் அது.

"அண்ணி, நீங்க சாப்பிட்டீங்களா?"

"நீங்க" வந்துவிட்டது. எனக்கே உடம்பு லேசாயிற்று.

"சாப்பிட்டேன். உனக்கு மூடி வச்சிருக்கேன்."

தட்டுச் சத்தம். பிறகு காகிதச் சத்தம்.

"இதைப் படிச்சீங்களா? இந்தச் சீட்டை?"

"எனக்கு மனப்பாடம்."

"என்ன போட்டிருக்கு?"

"நடமாடும் சமையலகம்."

"வண்டின்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"சக்கரம்னு?"

மறுபடி காகிதச் சத்தம்.

"சமையல்தான் நடமாடணும் அண்ணி. மேல இருக்கிறதைக் கழற்றி என் சைக்கிள் மேல வச்சா அது நடமாடுது. கீழ இருக்கிறதைப் பத்தி இதுல ஒரு எழுத்து கூட இல்ல."

"காலை அறுக்கணுமே."

"அறுத்தாலும் சக்கரத்தோட மிச்சம் அங்கதானே இருக்கப் போகுது? யாரு தோண்டப் போறாங்க?"

தட்டைக் கழுவி வைக்கும் சத்தம். என் கால் மரத்துப் போனது, ஆனால் நகர்ந்தால் படி கிரீச்சிடும்.

"உன் டீக்கு என்ன பண்ணுவ?" என்றாள் அக்கா.

"டீக்கு ஒரு மேசை போதும். பட்டறை வாசல்ல இடம் இருக்குன்னு வெல்டர் சொன்னாரு."

பாருங்கள், அக்காவுக்காக அந்த மனிதர் நாத்தனாருக்குக் கூட இடம் கொடுக்கிறார் என்று நான் நெகிழ்ந்து போனேன். எவ்வளவு படித்த முட்டாள் நான் என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை வெல்டர் உயரம் பார்க்க வந்தார். அக்காவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை ஒரு நூலைப் பிடித்தார். நூலின் ஒரு முனையை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் தளர்த்துங்க," என்றார். தளர்த்தினாள். "கொஞ்சம் இழுங்க," என்றார். இழுத்தாள். அக்கா ஒருத்தி நடுவில் கம்பம் மாதிரி நின்றாள். நான் மேலே இருந்து அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கப்படுகிறாளா என்று. அவள் கொட்டாவி விட்டாள். பார்க்க வேண்டிய முகம் நூலின் அந்த முனையில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அறுத்தார்கள். சிலிண்டரையும் முட்டைகளையும் முதலில் அச்சகத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். தீப்பொறி பறந்தது. நான்கு காலையும் தாருக்கு மேல் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். ஒட்ட அறுத்துவிடலாமே என்று அச்சகக்காரர் கேட்டதற்கு, "இருக்கட்டும்," என்றாள். வெல்டர் நான்கு முளைக்கும் உருண்டையாகத் தொப்பி வைத்து, யாருக்கும் காலில் குத்தாதபடி தேய்த்து வெள்ளை அடித்தார். மேல்பகுதியை ஆறு பேர் தூக்கி சைக்கிளின் பின்பலகையில் வைத்தார்கள். அடியில் டயர் ரப்பர், மேலே போல்ட். அக்கா கரண்டியை எடுத்துக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தாள். முழங்கை சரியாக மடங்கியது. "ம்," என்றாள். வெல்டருக்கு அன்று கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். இருந்தும் மனிதர் சிரித்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டேப்பு வந்தார். தெருவில் எல்லோருக்கும் திடீரென்று வாசலில் வேலை வந்துவிட்டது. சவரக்கடைக்காரர் பாதி முகம் நுரையோடு ஒருவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்றார். அந்தப் பாதி முகமும் பின்னாலேயே வந்து நின்றது.

"எங்கம்மா வண்டி?"

"இது சார்."

"அது டீ சைக்கிள்தானே?"

"நேத்து வரைக்கும்."

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். "போலாம்," என்றாள். நாத்தனார் மிதித்தாள். சைக்கிள் நகர்ந்தது. அக்கா கூடவே நடந்தாள், ஒரு கை கரண்டியில், ஒரு கை பலகையில். "இங்கே நிற்காதீர்" தகரமும் கூடவே போனது; அன்றைக்குத்தான் அதற்கு முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்தது.

"பத்தடி ஆச்சு, போதும்!" என்று டேப்பு கத்தினார்.

நாத்தனாருக்குக் காது கேட்கவில்லை. அல்லது கேட்டது. அச்சகம் தாண்டி, சவரக்கடை தாண்டி, தெருமுனை வரை போய்விட்டார்கள். அங்கே திரும்பும்போது ஆம்லெட்டையும் அக்கா திருப்பிப் போட்டாள். நாங்கள் கை தட்டினோம். ஆளுக்கொரு வேலை இருப்பதாக நடித்துக்கொண்டிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டோம். அவர்கள் திரும்பி வந்து நின்றதும் அக்கா சைக்கிள் மணியை அடித்தாள்.

டேப்பு சீட்டை ஒரு தடவை படித்தார். சைக்கிளைப் பார்த்தார். மறுபடி படித்தார். "நடமாடும் சமையலகம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கண் சுவர் ஓரத்துக்குப் போனது. நான்கு வெள்ளை முளைகள்.

"இது என்ன?"

"சக்கரம் சார்."

"சக்கரம் எதுக்கு இங்க இருக்கு?"

"எட்டு வருஷமா நின்னுதே சார். ஓய்வுல இருக்கு."

அவர் டேப்பை இழுத்து முளையின் உயரத்தை அளந்தார். ஒன்றுக்கொன்று தூரத்தை அளந்தார். சுவரிலிருந்து தூரத்தையும் அளந்தார். நோட்டைப் புரட்டினார். முளைகளைப் பற்றி அவர் பிரிவில் எதுவும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. கடை என்றால் அதில் ஏதாவது விற்க வேண்டும், கட்டடம் என்றால் யாராவது இருக்க வேண்டும்.

"ரோடு சம்பந்தப்பட்டது," என்றார் கடைசியில். "அது வேற பிரிவு."

கையெழுத்துப் போட்டார். அந்த ஆம்லெட் பாதி முகத்துக்காரருக்குப் போனது.

அப்புறம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

டேப்பு மூன்று மாதத்தில் பூங்காக்கள் பிரிவுக்கு மாறிப் போய்விட்டார். அங்கே எதுவும் நகர வேண்டியதில்லை; நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி.

வெல்டர் நாத்தனாரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆமாம், நாத்தனாரை. மூன்று வருஷமாக உப்பு கம்மி என்று சொன்னது, இரண்டாவது டீ வரும் வரை அங்கே நிற்க ஒரு சாக்காம். என்னிடம் அவர் வாயாலேயே சொன்னார். அக்காவுக்கு முதல் வாரத்திலேயே தெரியுமாம். "மூணு வருஷமா அந்த ஆம்லெட்டுல நான் உப்பே போடல," என்றாள். "எப்பப் பொண்ணு கேட்கறாருன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்." பதிவு அலுவலகத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலம் இருபது பேருக்கு ஆம்லெட்டும் டீயும். நானும் போயிருந்தேன். பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்தது நான்தான். ஊசி குத்தாமல் தைத்தேன். இரண்டு பேரும் பட்டறைக்கு மேல் அறை எடுத்துக் குடி போய்விட்டார்கள். வாசலில் டீ மேசை போட்டிருக்கிறாள். தெருத் தெருவாகச் சுற்றியவள் இப்போது ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தடவை கேட்டேன், கால் அரிக்கவில்லையா என்று. "அரிக்குது," என்றாள், "ஆனா நல்லாயிருக்கு." அண்ணியை இன்னமும் "நீங்க" என்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை "நீ" வருகிறது, அங்கேயிருந்தே எனக்குக் கேட்கிறது.

அக்கா இந்த வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் இரண்டு தடவை சவரக்கடைக்குள்ளேயே போய்விட்டாள். இப்போது காலையில் பள்ளிக்கூட வாசல், அதற்குப் பிறகு தையல் கம்பெனி வாசல் என்று சுற்றுகிறாள். பன்னிரண்டரை மணிக்குத்தான் எங்கள் தெருவுக்கு வருகிறாள். அவள் இல்லாத அரை நாளும் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. நான்கு முளைக்கு மேல் எந்தக் காரும் நிற்க முடியாது. செருப்பு விரிக்க முடியாது. பழச்சாறு வண்டிக்காரர் ஒருவர் இரண்டு நாள் முயன்று பார்த்தார். அவருடைய சக்கரம் முளையில் இடித்துக்கொண்டே இருந்தது. வேறு தெருவுக்குக் குடி போய்விட்டார். முளைகளுக்கு நடுவில் சரியாக நுழைவது ஒரே ஒரு சைக்கிள். அந்தச் சனிக்கிழமை வெல்டர் அளந்தது முழங்கையை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு நான் காஜாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவேன். அக்கா திருப்பத்தில் மிதித்து வருவாள், மூச்சு வாங்கும், அவசரம் இருக்காது. யாரையும் ஒதுங்கச் சொல்ல மாட்டாள். இரண்டு முளைக்கு நடுவில் முன்சக்கரத்தை விட்டு, இறங்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வாள். ஆம்லெட் ஒன்றும் தயாராகியிருக்காது, சாப்பிட ஆளும் வந்திருக்காது. மணியை ஒரு தடவை அடிப்பாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சில விஷயம் கேட்காமல் இருக்கத் தெரியும்.